விக்குக்குள் யார்?

'அவ்வை சண்முகி' டிவியில் ஓடினால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அம்மா எழுந்திருக்க மாட்டார். 1996இல் வந்த படம், வசனமெல்லாம் மனப்பாடம். ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் மாமி வேடம் போட்ட கமலுக்காகப் போட்டி போடும் இடங்களில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும்தான்.

பாலினம் பற்றி எழுதும் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஆண் என்பதும் பெண் என்பதும் திரும்பத் திரும்பச் செய்தே நிலைபெறுகிறவை என்று சொன்னவர் அவர். அதற்காகப் புடவை கட்டிய ஆண் வருகிற படமெல்லாம் புரட்சி ஆகிவிடாது என்றும் 1993இல் எழுதினார். ஆண் பெண் வேடம் போடும் 'டூட்ஸி' மாதிரி ஹாலிவுட் படங்கள், ஆண் ஆணை விரும்பிவிடுவானோ என்ற பதற்றத்தைக் கிளப்பிவிட்டு, தாங்களே அதை அமுக்கியும் விடுகின்றன என்பது அவர் கணக்கு. சண்முகிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மாமிக்குள் இருப்பவன் பாண்டியன், அவனுக்கு வேண்டியது மனைவியும் மகளும். அது தெரிந்திருப்பதால்தான் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம்.

ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வேறு மாதிரி. டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்தே 'அவ்வை சண்முகம்' ஆனவர். கமல் சிறு வயதில் அவருடைய நாடகக் குழுவில் இருந்தவர். ஔவையார் கதை 1953இல் படமானபோது நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதே சுந்தராம்பாள்தான் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வந்து, லட்ச ரூபாய் சம்பளமும் வாங்கினார்! ஆண் ஔவையாகலாம், பெண் நந்தனாராகலாம், எல்லாம் பக்தியில் சேர்த்தி. (ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போட்ட நடிகர்களை மேடைக்கு வெளியே ஊர் எப்படி நடத்தியது என்பது வேறு கதை.)

அப்புறம் 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்'. வீடே அப்பா வரப்போகிறார் என்று காத்திருக்க, டாக்ஸியிலிருந்து திருநங்கை ஷில்பாவாக அவர் இறங்குகிறார். கண்ணாடி முன்னால் அவள் தயாராவதை மகன் ராசுக்குட்டி பக்கத்திலிருந்து பார்க்கிறான். முடி கொட்டிய தலை, அதன்மேல் விக், பிறகு புடவை. நகைச்சுவைப் படமாக இருந்தால் அந்த வழுக்கையில் தியேட்டர் அதிர்ந்திருக்கும். இங்கே விக்குக்குள் வேறு யாரும் ஒளிந்திருக்கவில்லை. பையனுக்கும் அது சட்டென்று விளங்கிவிடுகிறது. என்கூடப் படம் பார்த்த அம்மா சிரிக்கவில்லை, "புடவை நல்லாத்தான் கட்றா" என்றார்.

இவ்வளவு பிடித்தும் எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபம் உண்டு. குழந்தைகளைப் பிச்சைக்காகக் கடத்துகிறவர்கள் என்ற பழைய பழியை ஷில்பாவின் கடந்த காலத்தில் செருகியதைத் திருநங்கைகளே கண்டித்தார்கள். சரியான கோபம். இன்னொன்று, விஜய் சேதுபதி பிரமாதமாக நடித்தார், தேசிய விருதும் வாங்கினார், ஆனாலும் அந்த வேடம் ஒரு திருநங்கைக்குப் போயிருக்கலாமே? ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இயக்குநர் ராமின் 'பேரன்பு' வந்தது. அதில் மம்மூட்டிக்கு எதிரில் மீராவாக நடித்தவர் திருநங்கையான அஞ்சலி அமீர்.