நெல் நாற்றில் 20 எழுத்து வெட்டைத் தேடிய அனுபவம்

கொழும்பில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று விடை தரவேண்டியது: புரதங்கள் சரியாக மடியாமல் தேங்கும்போது, நெற்கலங்கள் பிசிப் 50 என்னும் பரம்பரையலகின் தூது ஆர்.என்.ஏ.யை (புரதம் செய்வதற்கான செய்தியின் நகலை) வெட்டி ஒட்டுகின்றனவா? (இதே பரம்பரையலகை வேறொரு குழு பிசிப் 74 என்று அழைத்திருந்ததால், இரண்டும் ஒன்றே என்று புரிவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.) புரதங்கள் மடியும் இடமான அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வில் அமர்ந்திருக்கும் ஐ.ஆர்.இ. 1 என்ற நொதியம், நெருக்கடியை உணர்ந்ததும் அந்தத் தூதிலிருந்து 20 நியூக்கிளியோத்தைட்டுகளை, அதாவது ஆர்.என்.ஏ.யின் 20 எழுத்துகளை, நீக்குகிறது. ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் சிறுசெடியான அரபிடொப்சிஸில் அதற்கு இணையான பிசிப் 60இல் 23 நீங்கும். தூதின் எழுத்துகள் மும்மூன்றாக வாசிக்கப்படுகின்றன; 20 மூன்றால் வகுபடாது என்பதால் அந்த வாசிப்புச் சட்டகம் மாறி, மென்சவ்வில் பதியும் பகுதி இல்லாத புரதம் உருவாகிறது. அது கலத்தின் கருவுக்குள் சென்று, மடிப்புக்கு உதவும் புரதங்களின் பரம்பரையலகுகளைத் தூண்டுகிறது.

அந்த நெருக்கடியை உண்டாக்க, புரதங்களின் மடிப்பைத் தாங்கும் இருசல்பைட்டுப் பிணைப்புகளைக் குலைக்கும் டைதயோதிரெய்டோலில் நாற்றுகளின் வேர்களை அமிழ்த்தினேன். ஆய்வுகூடத்தில் அதை டீ.டீ.டீ. என்போம், பூச்சிகொல்லியும் தமிழில் அதே எழுத்துகளைப் பெறுவது வீட்டாரைக் கலவரப்படுத்தியது. பிறகு அந்தத் தூதின் டி.என்.ஏ. நகல்களை, நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டேன்; வெட்டுப்பட்டது குட்டையாக இருப்பதால் சற்றுக் கீழே தனிப் பட்டையாகத் தெரியவேண்டும். முதல் இரண்டு தடவையும் ஒரேயொரு பட்டைதான் தெரிந்தது.

“தங்கச்சி, இந்தக் கரைசல் எப்ப கரைச்சது?” என்று ஆய்வுகூட அக்கா கேட்டபோதுதான் விளங்கியது. முந்தைய நாள் கரைத்து மேசையிலேயே வைத்திருந்தேன். கொழும்பின் வெக்கையில் அது ஒட்சியேறிப் பயனற்றுப் போயிருந்தது, அழுகிய முட்டை நாற்றம் குறைந்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. அதோடு, ஜெல் வார்க்கும் பொருளான அகரோசை 1.5 சதவீதத்தில் எடுத்தால் 20 எழுத்து வேறுபாடு பிரிந்து தெரியாது. 3 சதவீதத்தில் வார்ப்பது சிரமம்: மைக்ரோவேவில் நுரைத்துப் பொங்கும், கண்ணாடித் துணுக்குகள்போல் உருகாத மணிகள் மிதக்கும், இடையிடையே நிறுத்திச் சுழற்ற வேண்டும்.

கரைசலை அப்போதே கரைத்து, ஜெல்லைக் குறைந்த மின்னழுத்தத்தில் நெடுநேரம் ஓடவிட்டபோது, நீரில் மட்டும் வைத்த நாற்றுகளில் மேற்பட்டை மாத்திரமும், மற்றவற்றில் அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்றும் தெரிந்தன. டைதயோதிரெய்டோல் கலத்தின் ஒட்சியேற்றச் சமநிலையையே குழப்பக்கூடியது என்பதால், புரதத்தில் வெல்ல (சர்க்கரை) மூலக்கூறுகள் சேர்வதைத் தடுத்து மடிப்பைக் குலைக்கும் துனிகாமைசினிலும் சோதித்தேன். அங்கும் கீழ்ப்பட்டை இருந்தது, சற்று மங்கலாக.