ஓட முடியாத நான்கு மாதங்களில் என்ன செய்தேன்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெசன்ட் நகரிலிருந்து மெரினா உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் தீர்ந்திருந்தது. வியர்வை காயும் முன்பே 20 லிட்டர் கேனைக் குனிந்து தூக்கி, அப்படியே திரும்பி டிஸ்பென்சரில் கவிழ்த்தேன். இடுப்பில் சுளீரென்று ஒரு வெட்டு. பிடிப்புதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் வலி இடது பிட்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது.

எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது இடுப்பின் கடைசி முதுகெலும்புக்குக் கீழே மெத்தை போல இருக்கும் வட்டு, இடப்பக்கம் பிதுங்கி நரம்பைத் தொடுவது தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, ஆனால் மூன்று மாதமாவது ஓடக் கூடாது என்றார் டாக்டர். இன்னொன்றும் அழுத்திச் சொன்னார். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, பாதம் வலுவிழந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். முதுகுவலிக்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒன்பது வருடமாக விடியற்காலையில் ஓடிப் பழகிய உடம்பு. ஒரு வாரம் சும்மா இருந்ததிலேயே தூக்கம் கெட்டது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். வேறு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று என் கணவரின் கியர் சைக்கிளை எடுத்தேன். முட்டிக்கே சுமை இல்லாதபோது முதுகுக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தது தவறு. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால் இருபது நிமிடமும் முதுகு வளைந்தே இருந்தது. அன்று இரவு வலி குதிகால் வரை போனது. அடுத்து ஒரு யோகா வகுப்பு. சூரிய நமஸ்காரமும், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனமும் என்னை மூன்று நாள் பின்னுக்குத் தள்ளின.

என்னைத் திருத்தியது என் பிசியோதெரபிஸ்ட், சுருக்கமாகப் பிசியோ. என்னைவிடப் பத்து வயது இளையவர். நுனிக்காலில் நிற்கச் சொல்லி இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இடது கால் சீக்கிரம் தளர்ந்தது. பிறகு குப்புறப் படுக்கவைத்தார். முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தச் சொன்னார். சில நிமிடங்களில் கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறியது. இடுப்பில் கொஞ்சம் கூடியது. நான் பயந்துபோனேன். அவர் சிரித்துவிட்டார்.

“மேடம், வலி எவ்வளவு இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க, எங்க இருக்குன்னு பாருங்க. கீழ இறங்கினா அந்தப் பயிற்சியை விட்டுடுங்க. மேல ஏறி இடுப்புக்கு நடுவுல, முதுகெலும்புகிட்ட வந்தா நல்ல அறிகுறி.”

1956-ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோவிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்த நிலையில் சில நிமிடம் கிடந்திருக்கிறார். எழுந்தபோது கால் வலி போய்விட்டதாம். இந்த முறையே அங்கிருந்து வளர்ந்ததுதான் என்றார் என் பிசியோ. எல்லா முதுகுக்கும் இந்தத் திசை ஒத்துவராது, சிலருக்குப் பின்னால் வளைந்தால்தான் வலி கூடும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அன்று முதல் எதைச் செய்தாலும், வலி இடுப்பை நோக்கி மேலே ஏறுகிறதா, காலில் கீழே இறங்குகிறதா என்ற ஒரு கேள்விதான். சமதளத்தில் கை வீசி வேகமாக நடந்தேன். தொடக்கத்தில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. வலி ஏறியது, சரி. மணலில் நடந்தேன், இறங்கியது, விட்டுவிட்டேன். கனடா ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கிய பயிற்சிகளில் இரண்டை, அதாவது கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர் கை காலை நீட்டுவதையும், ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்தும் பக்கவாட்டுப் பிளாங்க்கையும், பத்துப் பத்து நொடியாகப் பிடித்துச் செய்தேன். அவையும் ஒத்துக்கொண்டன.

ஒத்துக்கொள்ளாத ஒன்று நான் எதிர்பாராதது. கோலம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் எழுந்ததும் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது என்றார் பிசியோ. “நான் போட்டுக்கறேன், நீ நட” என்று அத்தை கோலமாவு டப்பாவை வாங்கிக்கொண்டார்.

உண்மையில் ஓட்டத்தின் இடத்தை நிரப்பியது தண்ணீர்தான். எனக்கு நீச்சல் தெரியாது. ஏப்ரலில், வீட்டுக்கு அருகில் இருக்கும் நீச்சல் குளத்தில் மதியம் பெண்களுக்கான நேரத்தில் சேர்ந்தேன். இடுப்பளவு தண்ணீரில் உடல் எடையில் பாதிதான் காலுக்கு வரும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. மார்பளவில் நின்று முதலில் நடந்தேன், பிறகு முட்டியைத் தூக்கி ஓடினேன். தண்ணீர் தள்ளத் தள்ள நெஞ்சு முட்ட மூச்சு வாங்கியது. இரண்டு மாதமாக ஏங்கிக் கிடந்த அந்த மூச்சு. குளத்திலேயே அழுதுவிட்டேன். வாட்சில் இதயத்துடிப்பு தரையில் காட்டுவதைவிடக் குறைவாகத்தான் காட்டும், தண்ணீரில் அது இயல்பு. எண்ணைத் துரத்தாமல் மூச்சை வைத்துக் கணக்கிட்டேன். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, எட்டு முறை. கோச் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கற்றுத்தர வந்தபோது மறுத்துவிட்டேன். தலையைத் தூக்கித் தூக்கி இடுப்பைச் சொடுக்கும் அசைவு அப்போது எனக்கு வேண்டாம் என்று பிசியோ சொல்லியிருந்தார். மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டேன்.

ஜூன் நடுவில், வலி காலை விட்டு முழுதாக நீங்கி மூன்று வாரம் கழித்து, ஒற்றைக்காலில் இருபது முறை நுனிக்காலில் எழ முடிந்த பிறகுதான் ஓட அனுமதி கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து சுற்று. இப்போது வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் குளம். தண்ணீர் கேன் தரையிலேயே நிற்கிறது, மேலே சார்ஜ் செய்யும் சின்னப் பம்பு ஒன்று மாட்டியிருக்கிறோம்.