கடைசிப் படியில் நின்றுபோகும் வாயு

கடல்நீர் மாதிரி என்றால் வாளியில் மொண்டு வருவதுதானே என்கிறார்கள். நான் தேடுவது அந்த நீரில் கரைந்திருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை. குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, விளிம்பு தாண்டி நீர் வழிய வழிய நிரப்ப வேண்டும். ஒரு காற்றுக்குமிழ் சிக்கினாலும் போச்சு. பிறகு கொஞ்சம் மெர்குரிக் குளோரைடு. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதோடு சரி. இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே வாயுவை ஆக்குவதும் தின்பதுமாக இருக்கும்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? புவியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். போதாக்குறைக்கு ஓசோனையும் அரிக்கும்.

அரபிக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜனாகிறது. அந்தக் கடைசிப் படிக்கான நொதிக்குச் செம்பு வேண்டும். ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும். அதனால் அந்த மண்டலத்தின் நடுவில் வாயு தின்னப்படுகிறது, ஆக்சிஜன் லேசாக எட்டிப்பார்க்கும் ஓரங்களில் குவிகிறது. எனக்கு அந்த ஓரங்கள்தான் சுவாரசியம்.

ஆர்க்கியா எனும் வேறு வகை நுண்ணுயிர்களும் சளைத்தவை அல்ல. அவற்றில் சில, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் வழியில் இதே வாயுவைக் கசியவிடுகின்றன. அப்படிப்பட்டவற்றில் முதலில் தனித்து வளர்க்கப்பட்ட நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் கிடைத்தது ஆழ்கடலில் அல்ல, சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டியில்! அறிவித்தது 2005இல்.

கடல் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறைகிறது. அப்போது ஓரங்கள் விரியுமா, நடுப்பகுதி விரியுமா? வாயு எவ்வளவு மேலே வரும் என்பது அதைப் பொறுத்தது.