புது கன்வெர்ட்டர் போட்டும் மேடு ஏறாத வண்டி

புது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும், புகைக்குழாயில் உள்ள டப்பா) மாட்டி வெளியே எடுத்த அன்றைக்கே வண்டி மேட்டில் முக்கியது. மாட்டுவதற்கு முன்னால் எப்படி முக்கியதோ, அச்சு அசலாக அப்படியே. இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டர் அடிவரை மிதித்தாயிற்று, பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல ஒரு சோர்வு. கழற்றிய பழைய கன்வெர்ட்டரைச் சாக்கில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் அது பக்கத்து சீட்டிலிருந்து கிலுகிலுவென்று சிரித்துக்கொண்டே வந்தது.

வண்டி இருபது வருஷம் தாண்டிய பெட்ரோல் பிக்கப் டிரக். வரிசையாக நாலு சிலிண்டர், அதனால் கன்வெர்ட்டர் ஒன்றுதான். வி வடிவ எஞ்சின் என்றால் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்று இருக்கும்; வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்ணும், அதாவது கோடும், பி0420, பி0430 என்று தனித்தனியாக வரும். டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

எனக்கு வந்தது பி0420. கோடு படிக்கும் ஸ்கேனரைப் பார்த்ததுமே நானாக ஒரு முடிவுக்கு வந்து, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சரை மாற்றினேன். முதல் வீண் செலவு அதுதான். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக இருந்தால் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து விடுவதால், பின் சென்சர் 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதைப் போலவே ஆடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் 0420 போடும். என் பின் சென்சர் ஆடியது. உள்ளதைச் சொன்ன சாட்சியைப் பிடித்துத் தண்டித்திருக்கிறேன்.

இன்னொன்று, 0420 என்பது அடைப்பைச் சொல்லும் கோடு அல்ல. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. முழுக்க அடைத்துக்கொண்ட வண்டியில் கோடே வராமலும் போகலாம். 'இழுவை இல்லை', '0420 வருகிறது' என்ற இரண்டு புகார்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் எனக்கு மூன்று மாதம் போனது.

பழைய கன்வெர்ட்டர் செத்துப்போனதில் சந்தேகம் இல்லை. வண்டி ஆறியபின் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கற்கள் உருளும் சத்தம். மாற்றும் வேலை, துருப்பிடித்த போல்ட்டுகளைத் தவிர, பிரச்சினையில்லாமல் முடிந்தது. அப்புறமும் வண்டி ஏறவில்லை என்றதும் மெக்கானிக், "ஃப்யூவல் பம்பு வீக்கா இருக்கும் சார்" என்றார். ஃபில்டரை மாற்றினோம். பலனில்லை. பம்பையும் கழற்றப் போனவரை நிறுத்திவிட்டு வேக்குவம் கேஜ் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் மீட்டர்) இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய காலத்து வேலை சார்." வண்டியும் பழைய காலத்து வண்டிதானே!

கேஜை வாங்கி நானே, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினேன். ஐடிலிங்கில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) 18 அங்குலம் (பாதரசக் கணக்கு), நல்ல அளவுதான். 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிப் பிடித்தேன். முள் ஒரு தடவை இறங்கி மறுபடி 18 பக்கம் வந்து நிற்க வேண்டும். வந்தது. அப்புறம் கடிகாரத்தின் சின்ன முள்ளைப்போல, பார்க்கும்போது நகராமல், கண்ணைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் நகர்ந்து, ஒரு நிமிஷத்துக்குள் 11-க்குப் போய்விட்டது. புகை வெளியே போக வழியில்லாமல் திணறுகிறது என்று அர்த்தம். போட்டதோ புது கன்வெர்ட்டர்!

அடுத்தது பேக் பிரஷர், அதாவது வெளியேற முடியாத புகை திருப்பித் தள்ளும் அழுத்தம். முன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்ட வேண்டும். பொதுவாக ஐடிலிங்கில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2,500-இல் மூன்றுக்குள்ளும் இருந்தால் சரி. என்னுடையது 2,500-இல் ஆறைத் தாண்டியது. கன்வெர்ட்டருக்கும் சைலன்சருக்கும் நடுவே உள்ள இணைப்பைத் தளர்த்திப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். காதைக் கிழிக்கிற சத்தம், ஆனால் முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடைப்பு சைலன்சரில்! (இதையெல்லாம் வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை நம்பாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.)

சைலன்சரை அறுத்துத் திறந்தோம். உள்ளே தேன்கூட்டைப்போல ஓட்டை ஓட்டையான பீங்கான் துண்டுகள், கொட்டைப்பாக்கு அளவில் இருபது இருக்கும். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரியது. அதன் ஒரு பக்கத்தில் கண்ணறைகள் இன்னும் வரிசையாக இருந்தன. மறுபக்கம் உருகி, கண்ணாடிபோல வழவழத்து, ஓட்டைகள் மூடிப்போயிருந்தன. பழைய கன்வெர்ட்டரின் வயிற்றிலிருந்து உடைந்து, புகையோடு பின்னால் பயணம் செய்து வந்தவை. ஐடிலிங்கில் அவை சைலன்சரின் தரையில் படுத்துக் கிடக்கும். மிதித்தால் காற்றின் வேகத்தில் எழுந்து போய் உள்குழாயின் வாயை மூடிக்கொள்ளும். மேட்டில் மட்டும் வண்டி படுத்ததன் ரகசியம் அதுதான். உடைந்த கன்வெர்ட்டரை மாற்றுகிறவர்கள் சைலன்சரையும் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, பீங்கான் ஏன் உருகியது? இதில் குற்றவாளி நான்தான். ஈரமான காலைகளில் மூன்றாவது சிலிண்டர் சரியாகப் பற்றாமல் மிஸ்ஸிங் ஆகிக்கொண்டிருந்தது. செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மினுக்கியது. அப்படி மினுக்கினால் எஞ்சினில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, உடனே நிறுத்து என்று பொருள். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரையில் வேலை செய்யும் பொருள், அந்த எரிச்சலில் தாங்காமல் உருகிவிடும். 'வெயில் வந்தால் சரியாகிவிடுகிறதே' என்று நான் ஒரு வாரம் ஓட்டினேன். பிளக் வயர் ஒன்றில் உறை வெடித்திருந்தது. வயர்களையும் பிளக்குகளையும் மாற்றியதும் மிஸ்ஸிங் நின்றது. இதைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

புது சைலன்சரோடு வண்டி மேட்டில் பறந்தது. மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் மறுபடி பி0420.

"கன்வெர்ட்டர் டூப்ளிகேட்டா இருக்கும், வேற போட்டுடலாம்" என்றார் அதே மெக்கானிக். வேறு என்றால் மூன்றாவது! கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நடுவில் கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டேங்கில் ஊற்றும் மருந்து (உடைந்த பீங்கானை எந்த மருந்து ஒட்டும்?), உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டுவது (பல நாடுகளில் சட்டவிரோதம், நாற்றம் வேறு), லேசர் புள்ளி காட்டும் வெப்பமானியால் முன்னும் பின்னும் சூடு பார்ப்பது. மூன்றாவதை மட்டும் செய்து பார்த்தேன். ஐடிலிங்கில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டியது. அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

விடை இத்தனை நாளாகக் காதிலேயே இருந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக். ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். எஞ்சினுக்குள் வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் என்று நினைத்திருந்தேன். சூடானால் இரும்பு விரியும், விரிந்தால் இடுக்கு மூடும், சத்தம் நிற்கும். லீக்!

வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாய் வாயில் துணி சுற்றிச் செருகி, ஆறிய எஞ்சினில் முழு நீளத்துக்கும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். இரண்டு இடத்தில் நுரை பூத்தது. ஒன்று, எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி ஸ்டட் (தலையில்லாத போல்ட்). நட்டோடு சேர்ந்து முறிந்து எப்போதோ விழுந்திருக்கிறது, சுற்றிலும் கரிக்கோடு. இன்னொன்று கன்வெர்ட்டருக்குப் பின்னால், பின் சென்சருக்கு ஒரு சாண் முன்னால் உள்ள ஃபிளேஞ்ச் (இரண்டு குழாய்கள் சேரும் தட்டு). திறந்து பார்த்தால் பழைய கேஸ்கெட்டையே (கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு) திருப்பி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு முறை பிரித்துப் பூட்டியும் ஒரு புது கேஸ்கெட் போட மனம் வரவில்லை.

லீக் என்றால் புகை வெளியே வரும் என்பதோடு முடியவில்லை. ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் நடுவே குழாயில் ஒரு நொடிப்பொழுது உறிஞ்சல் ஏற்படும். வெளிக்காற்று உள்ளே நுழையும். பின் சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு ஆடும், கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைப் பழிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நுழையும் காற்றைப் பார்த்து முன் சென்சர் 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும். தேவையில்லாமல் பெட்ரோல் கூடும். ஸ்கேனரில் என் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் அளவு) கூட்டல் 14 சதவீதம். இந்த எண்ணை முதல் நாளே பார்த்திருந்தால்!

முறிந்த ஸ்டட்டை எடுத்தவர் வேறொரு வயதான மெக்கானிக். ட்ரில்லைத் தொடவேயில்லை. முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து அதன் நடுவில் வெல்டிங் அடித்தார். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. "அது வரும்னு தெரியும், பழகிக்கட்டும்" என்றார் ஸ்டட்டைப் பற்றி, குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. இரண்டாவது நட்டு செக்கச்செவேலென்று இருக்கும்போதே ஸ்பானரைப் போட்டு, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டினார். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெயில் திருகுவதுபோல வெளியே வந்துவிட்டது. இரண்டு புது கேஸ்கெட், ஒரு ஸ்டட். அவ்வளவுதான் சாமான்.

அதற்குப்பின் நான் செய்த கடைசி முட்டாள்தனம்: புகைப் பரிசோதனைக்கு முந்தின இரவு ஸ்கேனரில் அந்த 0420 கோடை அழித்தேன். ஸ்கேனரைச் செருகியவர் திரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. "மானிட்டர் ரெடி இல்ல, ஓட்டிட்டு வாங்க." கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ கம்ப்யூட்டர் தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்; கன்வெர்ட்டர் சோதனை முடிய எஞ்சின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் நீண்ட நேரம் ஓட வேண்டும். எனக்கு நாலு நாள் ஆனது. ஸ்கேனரில் 'ரெடி' வந்ததை நானே பார்த்த பிறகுதான் மறுபடி போனேன். இந்த முறை இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். ஃப்யூவல் ட்ரிம் இப்போது கூட்டல் 2.

போன வாரம் ஐடிலிங்கில் அடியிலிருந்து மறுபடி கலகலவென்று சத்தம் வந்தது. வயிற்றைக் கலக்கியது. டார்ச்சோடு குனிந்து பார்த்தால், கன்வெர்ட்டர் மேல் இருக்கும் தகரக் கவசம் துருப்பிடித்து ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினேன். அடங்கிவிட்டது.