நடுவில் நிறுத்தியது

அன்று என் மாணவியைப் பேச்சின் நடுவில் நிறுத்தியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை.

நர்ஸ், டாக்டர் போன்றவர்கள் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.க்கு ஸ்பீக்கிங் பயிற்சி. நெஞ்சுவலிக்காரராக நான், நர்ஸாக அவள். நாகர்கோவிலில் நைட் டியூட்டி முடித்துவிட்டு மார்த்தாண்டம் வகுப்புக்கு நேராக வந்திருந்தாள். "ஆர் யூ ஹேவிங் பெயின் சின்ஸ் டூ டேஸ்?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு பரிவு. நான் நோயாளி வேஷத்தை விட்டுவிட்டு, "டூ டேஸுக்கு ஃபார் வரும் மக்ளே. டென்ஸும் மாறணும். ஹேவ் யூ ஹேட்" என்றேன்.

"சார், ஒருத்தர் நெஞ்சப் பிடிச்சிட்டு இருக்காரு. நான் இப்ப டென்ஸ் பாக்கவா?"

"பரீட்சையில பாப்பாங்களே."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். இலக்கணம் சரியாக இருந்தது, பரிவு போய்விட்டது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் முன்னால் ஒரு தயக்கம்.

நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஸ்பீக்கிங்கில் ஒன்பது அளவுகோல்கள். இலக்கணம் அதில் ஒன்றுதான். உறவை ஏற்படுத்துவது, நோயாளியின் கோணத்தைப் புரிந்துகொள்வது இவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. சரளத்துக்குத் தனியாக உண்டு. நான் கெடுத்தது அந்தச் சரளத்தைத்தானோ?

ஆனால் டென்ஸ் சின்ன விஷயமும் இல்லை. ரைட்டிங்கில் எழுதும் கடிதத்தில், நோயாளி வார்ஃபரின் 'டுக்' என்றால் ஒரு காலத்தில் சாப்பிட்டார், முடிந்தது. 'ஹேஸ் பீன் டேக்கிங்' என்றால் அந்த மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. அடுத்து பார்க்கும் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதே இதைப் பொறுத்து மாறலாம். அக்கறை இலக்கணத்திலும் இருக்கிறது என்பதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பரீட்சையைத்தான் சொன்னேன்.

'ரெண்டு நாளா வலிக்குது' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால்தான் 'ஆர் யூ ஹேவிங்' தானாக வந்துவிடுகிறது, கவனக்குறைவால் அல்ல. சின்ஸ், ஃபார் குழப்பத்துக்குத் தமிழே கைகொடுக்கும். 'திங்கட்கிழமையிலிருந்து', 'காலையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ். 'ரெண்டு நாளாக', 'ரொம்ப நேரமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், ரோல்பிளே முடிந்த பிறகும் சொல்லலாம்.

அப்புறம் கொஞ்ச காலம் யாரையும் நடுவில் நிறுத்தாமல், பிழைகளைக் குறித்துவைத்துக் கடைசியில் சொல்லிப் பார்த்தேன். குளச்சல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "அஞ்சு நிமிஷமும் தப்பாவே பேசியிருக்கேன், அப்பவே சொல்லக்கூடாதா சார்?" என்று வருத்தப்பட்டாள். அதுவும் நியாயம்தான். தவறு நாக்கில் பழகிவிட்டால் எடுப்பது கஷ்டம்.

இப்போது ஆரம்பிக்கும் முன்பே, "நடுவுல திருத்தவா, கடைசியிலயா?" என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் "நடுவுலயே சொல்லுங்க சார்" என்கிறார்கள். கேட்டிருந்தால் அவளும் அதையே சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் தாங்களே கேட்டு வாங்கிய திருத்தத்துக்குப் பிறகும், அவர்களுடைய அடுத்த வாக்கியம் தயங்கித்தான் வருகிறது.