பூட்டியது பென் டிரைவா, ஃபைல் சிஸ்டமா?

சித்தப்பாவின் பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் ஏற்றித் தரவேண்டியிருந்தது. உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்பில் செருகினேன். பழைய கோப்புகள் திறந்தன, புதிதாக ஒன்றும் ஏறவில்லை. "ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்" (படிக்கலாம், எழுத முடியாது) என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில்.

"சுடோ போட்டுப் பாருண்ணா" என்றான் தம்பி. கட்டளையை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டுவதுதான் சுடோ. அனுமதிதான் சிக்கல் என்றால் "பெர்மிஷன் டினைட்" என்று வந்திருக்கும். இதில் முழு அதிகாரமுள்ள நிர்வாகியான ரூட்டே வந்தாலும் வேலைக்கு ஆகாது. தடுப்பது டிரைவா, அதில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டெர்மினலில், டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை அடித்தேன். பென் டிரைவ் எஸ்டிபி (sdb) என்ற பெயரில் இருந்தது. அந்த வரியில் ஒரு 1 கண்ணில் படும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது ஆர்எம் (RM) பத்தி, கழற்றக்கூடிய டிரைவ் என்று மட்டுமே பொருள். அளவுக்கு அடுத்து வரும் ஆர்ஓ (RO, ரீட் ஒன்லி) பத்திதான் நமக்கு வேண்டியது. அதில் 0 இருந்தது. அதாவது, டிரைவ் பூட்டப்படவில்லை.

அப்புறம் டிமெசேஜ் (dmesg), கர்னல் எனும் இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் செய்திகளைக் காட்டும் கட்டளை. உபுண்டுவில் இதற்கு சுடோ வேண்டும் என்பதால் தம்பிக்கும் ஒரு திருப்தி. செருகிய நேரத்து வரிகளில் "எஸ்டிபி: ரைட் புரொடெக்ட் இஸ் ஆஃப்" (எழுதத் தடை இல்லை) என்று தெளிவாக இருந்தது. சில வரிகள் தள்ளி, எஸ்டிபி1-இன் (டிரைவின் முதல் பகுதி) ஃபேட் வகை ஃபைல் சிஸ்டத்தில் பிழை, ஆகவே "ஃபைல்சிஸ்டம் ஹேஸ் பீன் செட் ரீட்-ஒன்லி". டிரைவ் மேல் தப்பில்லை. கோளாறைக் கண்ட கர்னல், மேலும் கெடாமல் இருக்கத் தானே கதவைச் சாத்தியிருக்கிறது. எங்கோ எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கியிருப்பார்கள்.

படிக்க முடிகிறதே, முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகலெடுத்தேன். பிறகு யுமவுண்ட் செய்துவிட்டு (கணினியிலிருந்து இணைப்பை விடுவித்து), ஃபேட் பிழைகளைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே.விஃபேட் (fsck.vfat) கட்டளையை "-ஏ" (-a, தானே சரிசெய்) சேர்த்து எஸ்டிபி1 மீது ஓட்டினேன். டர்ட்டி பிட்டை, அதாவது சரியாகக் கழற்றப்படவில்லை என்ற குறியை, நீக்கியதாகச் சொன்னது. கழற்றிச் செருகியதும் பிடிஎஃப் ஏறியது.

ஆர்ஓ பத்தியில் 1 வந்திருந்தால் கதை வேறு. எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பூட்டைத் தள்ளிப் பார்க்கலாம். சில பென் டிரைவ்களிலும் அப்படியொரு சுவிட்ச் உண்டு. சுவிட்சே இல்லாத டிரைவ் 1 காட்டினால், பெரும்பாலும் உள்ளே சிப் தேய்ந்து தானே பூட்டிக்கொண்டிருக்கும். டிரைவ் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிபார்ம் (hdparm) கட்டளை வைத்து அந்த 1-ஐ 0 ஆக்கப் பார்த்தாலும் டிரைவ் மசியாது. இருப்பதை நகலெடுத்துக்கொண்டு புதிது வாங்க வேண்டியதுதான்.