அளவைக் கூட்டினால்

"அளவைக் கூட்டினா எரியுமுங்கய்யா" என்று சொன்னேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது. சொன்னது பொய்யா இல்லையா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

கேட்டவர் சேலம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருப்பவர். மாவு படிந்ததும் வடிகிற புளித்த தண்ணீரை அவர் ஆலையிலிருந்துதான் கேனில் பிடித்துவந்து எங்கள் எம்.எஃப்.சி. கலங்களில் ஊற்றுவோம்; கழிவைத் தின்னும் பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம் எடுக்கிற கலங்கள். (அந்த வாடையோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட் காலி.) ஒருநாள் லேபுக்கே வந்துவிட்டார். சிவப்பு எல்.இ.டி. விட்டுவிட்டு மின்னுவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஏந்தம்பி, இது ராத்திரி பூரா எரியுமா? நம்ம ஆலைக்கு லைட்டு போட்டுக்கலாமா?"

சரியான பதில் நீளமானது. ஓடுகிற கலம் ஒன்று 0.3 முதல் 0.5 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி.க்கு 1.8 வோல்ட் அளவுக்கு வேண்டும். கலங்களைத் தொடராகக் கோத்தால் ஒன்று சோர்ந்தாலும் அதன் துருவம் புரண்டு, மற்றவை தருவதையும் குறைத்துவிடும். அதனால் மின்சாரத்தைக் கெப்பாசிட்டரில் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, வோல்ட்டைக் கூட்டுகிற பூஸ்டர் வழியாக விடுகிறோம். அவர் விளக்கு என்று பார்த்தது, பாக்டீரியா மெல்லமெல்லச் சேர்த்த காசை ஒரு நொடியில் செலவழிப்பதை.

எங்கள் ஆய்வுக் கட்டுரையில், ஆனோடின் (பாக்டீரியா ஒட்டி வளரும் மின்முனை) சதுர மீட்டருக்கு 300 மில்லிவாட் என்று போட்டிருந்தோம். கணக்கு சரிதான். ஆனால் எங்கள் ஆனோடு 9 சதுர சென்டிமீட்டர். நிஜத்தில் வந்தது 0.27 மில்லிவாட். 9 வாட் பல்ப் ஒன்று எரிய 30 சதுர மீட்டர் ஆனோடு வேண்டும், அதுவும் அதே அடர்த்தி பெரிய கலத்திலும் நின்றால். நிற்காது. கலம் பெரிதானால் உள்தடை கூடும், மறுமுனையான கேத்தோடு திணறும். இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

முழுப் பொய்யும் இல்லையே என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். நுண்ணுயிர் மின்சாரம் தரும் என்று பாட்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1911இலேயே காட்டினார். 2015இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் இதே மாதிரிக் கலங்களில் சிறுநீரைக் கொண்டே கழிப்பறைக்கு விளக்கு எரித்தார்கள். அப்படியென்றால் அளவைக் கூட்டி எரியத்தானே செய்தது? எரிந்தது, கழிப்பறைக்கு. அவர் கேட்டது ஆலைக்கு.

இன்னொன்றும் கேட்டார். "அப்ப கேஸ் பிளான்ட்டு போடறத தள்ளி வச்சிரலாமுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. என் ஆய்வுக் கைடு பக்கத்தில் நின்றிருந்தார், அவரும் சொல்லவில்லை. ஆலைக்காரர் போனபிறகு கைடு என் தோளைத் தட்டி, "நல்லா சமாளிச்ச" என்றார். எதைச் சமாளித்தேன்? அவர் கேட்ட கேஸ் பிளான்ட்டுதான், சாண எரிவாயு மாதிரியே, அந்தத் தண்ணீருக்கு ஒரு வழி. அந்த வட்டாரத்தில் பல ஆலைகளில் அது ஓடுகிறது, வருகிற வாயுவை அங்கேயே எரித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால், நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்று அடுத்துக் கேட்டிருப்பார்.

ஆலைக்காரர் கேஸ் பிளான்ட்டைத் தள்ளித்தான் போட்டார். கையில் பணம் இல்லாததும் ஒரு காரணம் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அந்த 'ஒரு காரண'த்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களால் நிஜமாகவே முடிந்தது ஒன்று உண்டு. கலத்தை விட்டு வெளிவந்த தண்ணீரில் சி.ஓ.டி. (தண்ணீரில் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு) நன்றாகக் குறைந்திருந்தது, வாடையும் குறைந்தது. முன்பும் பின்புமாக இரண்டு குடுவைகளை அவர் முன் வைத்திருக்கலாம். எல்.இ.டி.யைத்தான் வைத்தோம், லேபின் விளக்கை வேறு அணைத்துவிட்டு.

பதவி உயர்வுக்கான படிவத்தில் 'ஆய்வின் தாக்கம்' என்று ஒரு கட்டம். மேற்கோள் எண்ணிக்கையை எழுதினேன். அந்தக் கட்டுரையை இன்னும் நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உள்ளங்கை அளவு கலத்தில்தான் வேலை செய்கிறார்கள். தள்ளிப்போன கேஸ் பிளான்ட்டுக்கு அதில் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியாது.

போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் லேப் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே கெப்பாசிட்டரை நிரப்பி வைத்தேன். விளக்கையும் அணைத்தேன். ஒரு பெண் கேட்டாள், "எவ்ளோ நேரம் சார் எரியும்?"

"கெப்பாசிட்டர் தீர்ற வரைக்கும்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.